தாய்லாந்து ரப்பர் மரமா, வியட்நாம் அக்கேசியாவா? கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷீட்டின் விலை எப்படி முடிவாகிறது?

வார்ட்ரோப், டிவி யூனிட், மாடுலர் கிச்சன்... புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிற எவரும் ஒரு தடவையாவது கொட்டேஷன் வாங்கியிருப்பார்கள். அதில் பிளைவுட்டுக்குக் கீழே 'எம்.டி.எஃப்.' அல்லது 'பார்ட்டிகிள் போர்டு' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே சதுர அடிக்கு ஒரு ரேட். பிராண்டு என்ன என்று கேட்டால் சொல்வார்கள். எந்த மரம், எந்த ஊர் என்று கேட்டால் "இம்போர்டட் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 'இம்போர்டட்' என்ற சொல்லுக்குள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் மொத்தமும் இருக்கிறது. இந்தியாவுக்கு வரும் எம்.டி.எஃப். பலகையில் பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. மலேசியா, இந்தோனேசியாவும் அனுப்புகின்றன. ஆனால், இந்தச் சந்தை எப்படி ஓடுகிறது என்று புரிய தாய்லாந்தையும் வியட்நாமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே போதும். இரண்டும் ஆசியான் உறுப்பு நாடுகள். 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான்-இந்தியா சரக்கு வர்த்தக ஒப்பந்தம் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டு ஊர்க் கப்பலும் மலாக்கா நீரிணை வழியாகத்தான் வங்காள விரிகுடாவுக்குள் வருகிறது. ஷீட்டும் ஒரே அளவு: எட்டுக்கு நாலு.

ஆனால் அந்த ஷீட் மலிவாவதற்கும் விலை ஏறுவதற்கும் காரணங்கள் வேறு வேறு. அதைப் பார்க்காமல் நாடு நாடாக வரி போடுவதுதான் நம் அரசு பல வருடங்களாகச் செய்துவரும் வேலை.

கும்மிடிப்பூண்டிக்கு இதில் என்ன?

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் என்றதும் இரும்பு, ஸ்டீல் ரோலிங் மில், ரசாயனம்தான் ஞாபகம் வரும். பலகையும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செஞ்சுரி பிளைவுட் நிறுவனத்தின் பிளைவுட் ஆலை கும்மிடிப்பூண்டி அருகே சின்னப்புலியூரில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் காளஹஸ்தி பக்கம் கிரீன்பேனல் நிறுவனத்தின் பெரிய எம்.டி.எஃப். ஆலை; 2018இல் உற்பத்தி தொடங்கியது. கடப்பா மாவட்டம் பத்வேலில் செஞ்சுரியின் எம்.டி.எஃப். ஆலை.

இன்னொரு பக்கம் கடல். காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் இரண்டுமே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். சென்னைத் துறைமுகமும் தூரமில்லை. ஆக, மேற்கே உள்ளூர் ஆலை, கிழக்கே கன்டெய்னர் இறங்கும் இடம். நடுவில் இருப்பவர்கள் பலகையை வெட்டி, எட்ஜ் பேண்டிங் ஒட்டி, அலமாரியாக்கி விற்கும் சின்னச் சின்ன யூனிட்காரர்கள். உள்ளூர் ஷீட்டா, வெளிநாட்டு ஷீட்டா என்று ஒவ்வொரு மாதமும் முடிவெடுக்கிறவர்கள் இவர்கள்தான். வரி பற்றிய விவாதங்களில் குரலே கேட்காதவர்களும் இவர்கள்தான்.

தாய்லாந்து: பால் நின்ற பிறகு பலகை

1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெரும் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. மலையில் மரம் வெட்டியதுதான் காரணம் என்று மக்கள் கொதித்தார்கள். 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்ட அந்த நாட்டு அரசு தடை போட்டது. மரத் தொழில் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், ரப்பர்.

உலகில் அதிகமாக இயற்கை ரப்பர் விளைவிக்கும் நாடு தாய்லாந்து. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 ஆண்டுகள் பால் தரும், பிறகு வரத்து குறையும், வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். மறுநடவுக்கு உதவ 1960லேயே அங்கே தனி நிதியம் அமைத்துவிட்டார்கள். வெட்டிய மரத்தின் நல்ல பாகம் ஃபர்னிச்சர் கட்டையாகப் போகும். கிளை, பக்கச் சீவல், ரம்பத்தூள், துண்டு துக்கடா எல்லாம் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆலைக்கு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிப் போட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். அதனால் ஆலைகள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தன. வெளிர் நிறம், சீரான நார். பலகைக்கு ஏற்ற மரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாய்லாந்து விவசாயி பலகைக்காக மரம் நடவில்லை, ரப்பர் பாலுக்காக நட்டார். பலகை என்பது உபரி. ரப்பர் விலை உச்சத்தில் இருந்தால் கிழட்டு மரத்தைக்கூட இன்னும் ரெண்டு வருஷம் சீவிப் பார்ப்பார். ரப்பர் விலை விழுந்தால் வெட்டித் தள்ளுவார். அப்போது ஆலைக்கு மரம் மலிவாகக் கிடைக்கும். அதாவது, திருவள்ளூர் பக்கம் ஒருவர் வாங்கும் தாய் ஷீட்டின் விலைக்குப் பின்னால் டயர் கம்பெனிகளின் தேவை ஒளிந்திருக்கிறது.

வியட்நாம்: ஆறு வருட மரம், அமெரிக்க சோபா

வியட்நாம் கதை வேறு. போரிலும் பிறகும் காடுகளை ஏகமாக இழந்த நாடு அது. 1992இல் ஒரு மறுகாடாக்கத் திட்டம், 1998இல் 50 லட்சம் ஹெக்டேர் இலக்குடன் இன்னொன்று என்று அரசே இறங்கி நடவைத் தொடங்கியது. 2016இல் இயற்கைக் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்துவதாகப் பிரதமரே அறிவித்தார். இடைப்பட்ட காலத்தில் மலைச்சரிவுகளை நிரப்பியது அக்கேசியா. நம்மூரில் சாலையோரம், ஏரிக்கரைகளில் கத்திச் சவுக்கு என்ற மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மாஞ்சியமும் கலந்த கலப்பினம்தான் அங்கே ஓஹோவென்று வளர்கிறது. சிறு விவசாயி அஞ்சு, ஆறு வருஷத்தில் வெட்டிக் காசு பார்த்துவிடலாம்.

அக்கேசியாவுக்கு முதல் வாடிக்கையாளர் பலகை ஆலை அல்ல. மரத்தைச் சில்லுகளாக நறுக்கி சீனா, ஜப்பான் காகித ஆலைகளுக்கு அனுப்புவதில் உலகின் முன்னணி நாடு வியட்நாம். சில்லு விலை ஏறினால் எம்.டி.எஃப். ஆலை அதைவிட அதிகம் கொடுத்துத்தான் மரம் வாங்க வேண்டும். மத்திய வியட்நாமின் குவாங் ட்ரி ஆலை, தெற்கே பின் ஃபூக் பகுதியில் அரசு ரப்பர் குழுமமும் கொரிய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆலை போன்றவை இந்தப் போட்டிக்குள்தான் நடக்கின்றன. தெற்கே ரப்பர் மரமும் உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் ஃபர்னிச்சர். வியட்நாமின் மரப்பொருள் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகிறது. கட்டில், சோபா, கிச்சன் கேபினட் செய்ய வியட்நாம் தன் பலகையைத் தானே உபயோகிக்கிறது. போதாமல் வெளியிலிருந்தும் வாங்குகிறது, தாய்லாந்திலிருந்தும்கூட. அமெரிக்காவில் வீடு விற்பனை நன்றாக நடந்தால் வியட்நாம் பலகை உள்ளூரிலேயே கட்டிலாகிவிடும். அங்கே ஆர்டர் படுத்தால் பலகை தேங்கும். தேங்கியது எங்காவது போயாக வேண்டும். பக்கத்தில் பெரிய சந்தை எது? இந்தியா.

2022 கடைசியிலும் 2023லும் நடந்தது அதுதான். அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர்கள் குறைந்தன. வியட்நாமின் மரப்பொருள் ஏற்றுமதி 2023இல் முந்தைய ஆண்டைவிடச் சரிந்தது. அதே காலத்தில் இந்திய எம்.டி.எஃப். ஆலைகள் இறக்குமதி குவிகிறது என்று முறையிட ஆரம்பித்தன.

ஒரு கன்டெய்னர் கணக்கு

மரம் ஒரு பாதி என்றால், கப்பல் மறு பாதி. பலகை என்பது எடை அதிகம், மதிப்பு குறைவான சரக்கு. செல்போனுக்குக் கப்பல் கூலி இரட்டிப்பானாலும் கடையில் தெரியாது. பலகைக்கு உடனே தெரியும்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 எம்.எம். தடிமனில் எட்டுக்கு நாலு எம்.டி.எஃப். ஷீட் ஒன்று சுமார் 39 கிலோ. ஒரு 40 அடி கன்டெய்னரில் 26 டன் ஏற்றினால் ஏறக்குறைய 35 கன மீட்டர், அதாவது 650 ஷீட் பிடிக்கும். கப்பல் கூலி ஒரு கன்டெய்னருக்கு 1,000 டாலர் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டுக்கு ஒன்றரை டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று எடுத்தால் ரூ.130. மாதம் 200 ஷீட் வெட்டும் யூனிட்டுக்கு ரூ.26,000 கூடுதல் செலவு. அந்த யூனிட்டில் இரண்டு ஹெல்பர் வேலை செய்தால், ஒருவரின் சம்பளமே அதுக்குள்ள போயிடும்.

கொரோனாவுக்குப் பிந்தைய 2021-22இல் கன்டெய்னர் கட்டணம் இதுவரை காணாத உயரத்துக்குப் போனது. இறக்குமதி சுருங்கியது, இந்திய ஆலைகள் நல்ல லாபம் பார்த்தன. கட்டணம் இறங்கியதும் இறக்குமதி திரும்பி வந்தது. அந்த நாட்களில் இந்தியத் தொழிலுக்குக் காவல் நின்றது டெல்லியின் வரி அல்ல, கன்டெய்னர் பற்றாக்குறைதான்!

வரி துரத்துகிறது, பலகை ஊர் மாறுகிறது

இனி வரிக்கு வருவோம். ஒரு நாடு தன் உள்ளூர் விலையைவிடக் குறைவாக இங்கே விற்று, அதனால் நம் தொழில் நலிந்தால், அதற்கு எதிராகப் போடுவது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள விசாரணை அமைப்பு (இன்றைய டிஜிடிஆர்) கணக்குப் போட்டுப் பரிந்துரைக்கும். அறிவிப்பது நிதி அமைச்சகம். பரிந்துரையை ஏற்பதும் ஏற்காததும் அதன் முடிவு. எம்.டி.எஃப்.க்கு இந்த வரி ஒரு கன மீட்டருக்கு இத்தனை டாலர் என்ற கணக்கில் வந்தது.

2009இல் சீனா, மலேசியா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளின் 6 எம்.எம். மற்றும் அதற்கு மேற்பட்ட சாதா எம்.டி.எஃப். மீது வரி வந்தது. இலங்கையுமா என்று கேட்காதீர்கள். ஹொரணையில் ஓர் எம்.டி.எஃப். ஆலை உண்டு, அங்கேயும் அதே ரப்பர் மரம்தான். பட்டியலில் வியட்நாம் இல்லை. அப்போது அங்கே பெரிய ஆலைகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம் ஷீட் இந்தியச் சந்தைக்குள் வந்தது. 2016 மே மாதம் வியட்நாம், இந்தோனேசியா மீது தனியாக வரி அறிவிக்கப்பட்டது. 6 எம்.எம்.க்குக் குறைந்த மெல்லிய பலகை இந்த வரிகளுக்குள் வரவில்லை. டிராயர் அடிப்பகுதி, அலமாரி முதுகு, போட்டோ ஃபிரேம் எல்லாம் மெல்லிய பலகைதான்.

இதைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வரி ஒரு நாட்டை மறித்தால், பக்கத்து நாடு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. விசாரணை தொடங்கி அறிவிப்பு வருவதற்குள் சந்தையின் நிலைமையே மாறிவிடுகிறது. தாய்லாந்தின் மலிவுக்குக் காரணம் ரப்பர் தோட்டம். வியட்நாமின் மலிவுக்குக் காரணம் அமெரிக்க ஆர்டர். இரண்டையும் 'டம்பிங்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு ஐந்து வருடத்துக்கு ஒரே எண்ணைப் பூட்டி வைத்தால், மலிவு வரும் வருடத்தில் அது போதாது, விலை ஏறும் வருடத்தில் அது சின்ன யூனிட்காரரின் தலையில் விழும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை: நல்ல கேள்வி, மெதுவான பதில்

2025 பிப்ரவரியில் நிலைமை மாறியது. மரப் பலகைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, பிளைவுட் எதுவானாலும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்ற ஆலையிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வர வேண்டும். சிறு, குறு ஆலைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் தந்தார்கள். வெளிநாட்டு ஆலையும் விண்ணப்பிக்கலாம். ஆனால், இங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், வங்கி உத்தரவாதம் தர வேண்டும், நம் அதிகாரிகள் அங்கே போய் ஆலையைச் சோதிக்க வேண்டும். அந்தப் பயணச் செலவும் ஆலையுடையதே.

நாடு நாடாக வரி போடுவதைவிட இது எவ்வளவோ மேல். எம்.டி.எஃப்.க்கான ஐ.எஸ். 12406 தரம், பலகை எந்த நாட்டுக்காரன் என்று கேட்பதில்லை. வளைத்தால் தாங்குமா, தண்ணீர் பட்டால் எவ்வளவு ஊதும் என்று கேட்கிறது. பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு அளவும் முக்கியம். மூடிய ஏசி பெட்ரூமில் புது வார்ட்ரோப்பைத் திறந்ததும் கண் எரிந்த அனுபவம் பலருக்கு இருக்கும். வாங்குகிறவர் பக்கம் நிற்கும் கேள்விகள் இவை.

சிக்கல் எங்கே என்றால், உரிமம் தருவதற்கான காலக்கெடுவில். பாஸ் ஆகிவிட்டது, ஆகவில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டால் அது தரக்கட்டுப்பாடு. விண்ணப்பம் மேஜையிலேயே கிடந்தால் அது பெயர் சொல்லாத இறக்குமதித் தடை. இந்தச் சந்தையில் நாடுகளைவிட ஆலைகள் முக்கியம். தரமான தாய் ஆலையும் உண்டு, மோசமான உள்ளூர் ஆலையும் உண்டு. உரிம விண்ணப்பம் எத்தனை வந்தது, எத்தனை எத்தனை நாளில் முடிந்தது என்று நாடுவாரியாக அமைவனம் வெளியிட வேண்டும். அதைச் செய்ய புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

நம்மிடம் இல்லாதது வரி அல்ல, மரம்

இந்தியாவும் காட்டின் கதவைச் சாத்திய நாடுதான். தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்றது 1988 தேசிய வனக் கொள்கை. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு மர ஆலைகளைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தாய்லாந்து, வியட்நாம், இந்தியா மூன்றும் வெவ்வேறு காலங்களில் காட்டை மூடின. வித்தியாசம் அதற்கு அடுத்து நடந்ததில்தான். தாய்லாந்துக்கு ரப்பர் தோட்டம் ஏற்கெனவே இருந்தது. வியட்நாம் திட்டம் போட்டு நட்டது. நாம் விவசாயி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

விவசாயி நட்டார், இல்லை என்று சொல்ல முடியாது. யூகலிப்டஸ், சவுக்கு, சுபாபுல், மலைவேம்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி நல்ல குளோன் கன்றுகளை உருவாக்கித் தந்திருக்கிறது. ஆனால் அதே சவுக்குக்குக் காகித ஆலையும் போட்டி, கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்களும் போட்டி. புதுப் பலகை ஆலைகள் அடுத்தடுத்து வந்ததும் 2023-24இல் மர விலை எகிறியது. கோவிட் காலத்தில் நடவு குறைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு பக்கம் மலிவு இறக்குமதி, இன்னொரு பக்கம் விலை ஏறிய மரம். நடுவில் ஆலைகளின் லாபம் நசுங்கியது. அப்போது எழுந்த குரல் 'வரி போடுங்கள்' என்பது. வரி போட்டால் பலகை விலை ஏறும், சரி. அதில் ஒரு பங்கு மரம் நட்டவருக்குப் போகும் என்பதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது? ஆலையும் விவசாயியும் குறைந்தபட்ச விலையோடு ஒப்பந்தம் போட்டால் உண்டு. மற்றபடி, விலை ஏறும்போது நட்டு, வெட்டும்போது விலை விழுந்து, வெறுத்துப்போய் நெல்லுக்கோ ரியல் எஸ்டேட்டுக்கோ திரும்பும் பழைய சுற்றுதான். திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்லவே வேண்டாம்.

ஆகவே, ஆலைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அது மரக்கன்றிலிருந்து தொடங்க வேண்டும். வரிச் சலுகையோ சிப்காட் நிலமோ பெறும் பலகை ஆலை, தன் தேவையில் குறிப்பிட்ட பங்கை ஒப்பந்த நடவிலிருந்து எடுக்க வேண்டும் என்று தமிழக அரசு நிபந்தனை போடலாம். தனியார் பட்டாவில் வளர்த்த மரத்தை வெட்டி எடுத்துச் செல்லும் அனுமதியை இன்னும் எளிதாக்கலாம். டெல்லியின் கையை எதிர்பார்க்காமல் சென்னையிலிருந்தே செய்யக்கூடியவை இவை.

அடுத்து எந்தப் பக்கத்திலிருந்து?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா வியட்நாம் சரக்கு மீது 20%, தாய்லாந்து மீது 19% வரி விதித்தது. அக்டோபரில் கிச்சன் கேபினட், சோபா போன்றவற்றுக்குத் தனி வரி வந்தது. எண்கள் இரு நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடியின் வலி ஒன்றல்ல. ஃபர்னிச்சராக அமெரிக்காவுக்கு அனுப்பும் வியட்நாமுக்கே அதிகம் வலிக்கும். 2023 போல மறுபடியும் ஆர்டர் குறைந்தால், பலகை மறுபடியும் இந்தப் பக்கம் பார்க்கும். இந்த முறை அது ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கிய ஆலைகள் வழியாக மட்டுமே நுழைய முடியும் என்பது ஒரு மாற்றம்.

தாய்லாந்தின் முறை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 2004 முதல் 2006 வரை, அதுவரை ரப்பர் அதிகம் இல்லாத வடக்கு, வடகிழக்கு மாகாணங்களில் 10 லட்சம் ராய், அதாவது நம் கணக்கில் சுமார் 4 லட்சம் ஏக்கர், ரப்பர் நடும் திட்டத்தை அந்த நாட்டு அரசு நடத்தியது. அந்த மரங்களுக்கு 2029 முதல் 2031க்குள் 25 வயதாகிறது. ரப்பர் விலை அப்போது எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்து அவை விழும், அல்லது கொஞ்சம் தாமதிக்கும். திருவள்ளூரில் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு நடும் சவுக்கும் மலைவேம்பும் வெட்டுக்குத் தயாராகும் காலமும் ஏறக்குறைய அதுதான்.